தரங்கம்பாடிக்கு ஒருநாள் திருச்சபை வரலாற்றுப் பயணம்: மதிப்புரை

மயிலாடுதுறையிலிருந்து சபைக் குழுக்களை வேனில் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்று, வழிகாட்டி ஒருவரோடு சுற்றிக் காட்டி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடும் ஒருநாள் பயணத்தில் எங்கள் சபையார் 14 பேர் சென்ற மாதம் சென்று வந்தோம். மதிய உணவு உட்பட நபருக்கு 900 ரூபாய். வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது, உணவிலும் குறையில்லை.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய மிஷனரிகளான சீகன்பால்க்கும் புளுச்சோவும் வந்திறங்கிய கடற்கரைக்கு முதலில் அழைத்துச் சென்ற அவர், எங்களை மணலில் உட்காரவைத்து, ஆளுக்கொரு 'அ' எழுதச் சொன்னார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இளைஞரான சீகன்பால்க், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார் என்று அவர் சொன்னபோது, எங்களோடு வந்த பிள்ளைகள் தாங்கள் எழுதிய எழுத்தை அழிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே கொடுத்த பணம் தகும்.

அங்கிருந்து புதிய எருசலேம் ஆலயம். 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்ட இவ்வாலயத்தில், பீடத்துக்கு முன்னே சீகன்பால்க்கின் கல்லறை இருக்கிறது. தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தவர், தாம் கட்டிய ஆலயத்தில் சில மாதங்களே ஊழியம் செய்து, 1719 பிப்ரவரியில் 36 வயதில் மறைந்தார் என்பதை அந்தக் கல்லுக்கு அருகில் நின்று கேட்பது வேறு அனுபவம். பத்து ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தும் பலன் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று சோர்ந்திருந்த நான், பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைப் பாதியில் விட்டுச் சென்றவரின் வேலையைப் பின்வந்தவர்கள் தொடர்ந்தார்கள் என்பதை எண்ணி நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

அப்படி நிற்க எங்களுக்குக் கிடைத்தது 25 நிமிடங்கள்தான் என்பதே என் பெரிய குறை. டேனிஷ் கோட்டையில் ஒன்றரை மணி நேரம் செலவானது. பெரும்பகுதி படம் எடுப்பதிலேயே போனது. ஏழை விதவை ஒருவருக்காகப் பரிந்து நின்றதும் ஒரு காரணமாக, 1708-09-இல் சீகன்பால்க் டேனிஷ் அதிகாரிகளாலேயே அதே கோட்டையில் நான்கு மாதங்கள் அடைபட்டிருந்தார். ஊழியத்துக்கு எதிர்ப்பு தம்மவரிடமிருந்தே வரும் என்பதை இன்றைய விசுவாசிக்கு அதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அவ்வூரில் இல்லை. வழிகாட்டியோ அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார்.

அதைவிட வருத்தம், 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. புரொட்டஸ்டன்ட் திருச்சபையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். கடலூரில் பிறந்த தமிழர். ஐரோப்பியர் விதைத்ததை மட்டும் சொல்லி, இம்மண்ணில் முளைத்ததைச் சொல்லாமல் விட்டால், நம் பிள்ளைகள் திருச்சபை வரலாற்றை வேறு யாருடைய வரலாறாகவோதான் கேட்பார்கள்.

இக்குறைகளை ஏற்பாட்டாளரிடம் நேரிலேயே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கோட்டையில் அரை மணியைக் குறைத்து ஆலயத்துக்கும் ஆரோனுக்கும் கொடுப்பதாக இருந்தால், அடுத்த முறை எங்கள் வாலிபர் சங்கத்தை முழுவதுமாக அழைத்துச் செல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.