கடை செக்யூரிட்டி பிடித்து உட்கார வைத்தால் பயந்துபோய் பணம் கட்டிவிடாதீர்கள்

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, மதுரையில் ஒரு பெரிய ரெடிமேட் கடை. புகார் இன்னும் ஸ்டேஷனில் இருப்பதால் பெயர் போடவில்லை.

பில் போட்டு, பணமும் கட்டி, கவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் இருந்த மெஷின் கத்தியது. செக்யூரிட்டி பில்லை வாங்கி விரல் வைத்து வரிகளை எண்ணினார். மூன்று வரி. கவரில் நான்கு துணி. ஒரே மாதிரி இரண்டு சட்டை எடுத்திருந்தேன், தலா 799 ரூபாய், பில்லில் அது ஒரே வரியில் எண்ணிக்கை 2 என்று விழுந்திருக்கிறது, அந்தக் கூட்டத்தில் பில் போட்ட பெண் ஒரு சட்டையின் காலரில் இருந்த பிளாஸ்டிக் டேக்கைக் கழற்ற மறந்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். நான் காட்டக் காட்ட அவர் பில்லைப் பார்க்கவே இல்லை, "மேனேஜர்கிட்ட பேசிக்கங்க சார்" என்று தோளில் கை வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார், வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

அட்டைப்பெட்டி அடுக்கிய ஒரு ஸ்டாக் ரூம். செல்போனை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார்கள். இன்னொரு செக்யூரிட்டி வாசலில் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறரை மணிக்குப் போனவன், எட்டே முக்காலுக்குத்தான் வெளியே வந்தேன். சிசிடிவி பாருங்கள் என்றால் அதைப் பார்க்கிற ஆள் லீவாம். "போலீஸுக்குப் போனா பேர் கெட்டுடும், 5,000 கட்டிட்டு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று திரும்பத் திரும்ப அதே பாட்டு. கடைசியில் வீட்டில் தேடுவார்களே என்ற பயத்தில் கட்டிவிட்டேன், அதுவும் கடைக் கணக்குக்கு இல்லை, யாரோ ஒருவரின் ஜிபே நம்பருக்கு. ரசீது கிடையாது. என் முட்டாள்தனம்தான்.

அப்புறம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். செக்யூரிட்டிக்கு சட்டத்தில் தனி அதிகாரம் எதுவும் இல்லை, யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் உங்களையும் என்னையும் போல அவரும் தனிநபர்தான். தனிநபர் ஒருவரைப் பிடித்து வைக்க பிஎன்எஸ்எஸ் (கைது, விசாரணை நடைமுறைகளைச் சொல்லும் சட்டம்) 40-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, ஆனால் வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் அவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். (தேடப்படும் குற்றவாளியாக கோர்ட் அறிவித்த ஆளையும் பிடிக்கலாம்.) மெஷின் கத்தினால் அது கண்ணெதிரே நடந்தது ஆகாது. பிடித்தாலும் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். இந்த 6 மணி நேரக் கெடு 2024 ஜூலை 1-இல் வந்த புதுச் சட்டத்தில்தான் சேர்ந்தது, அதற்கு முன்பிருந்த சிஆர்பிசி சட்டத்தின் 43-ஆம் பிரிவில் இல்லை. அந்த 6 மணி நேரமும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகத்தான், ஸ்டாக் ரூமில் பேரம் பேச இல்லை.

அதோடு 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் முறை, பொருளும் திரும்ப வந்துவிட்டது என்றால் அந்தத் திருட்டே ஜாமீனில் விடக்கூடியது, வாரண்ட் இல்லாமல் போலீஸே கைது செய்ய முடியாதது. கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்று பிஎன்எஸ் (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டம்) 305-ஆம் பிரிவை இழுப்பவர்களும் உண்டாம், அது வக்கீல்கள் பாடு. என் விஷயத்தில் திருட்டே இல்லை.

அந்த நாற்காலிக்கும் சட்டத்தில் பெயர் இருக்கிறது. நம்மைப் போகவிடாமல் ஓர் இடத்துக்குள் அடைத்து வைப்பது பிஎன்எஸ் 127, ஓராண்டு வரை சிறை. பூட்டுப் போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மிரட்டிப் பணம் வாங்கினால் அது பிஎன்எஸ் 308. அபராதம் போட அவர்கள் என்ன கோர்ட்டா?

அதனால் உங்களுக்கு நடந்தால் போலீஸைக் கூப்பிடச் சொல்லி நீங்களே கேளுங்கள், போன் கையில் இருந்தால் 112-ஐ நீங்களே அடியுங்கள். இரண்டே கால் மணி நேரமும் போலீஸ் போலீஸ் என்று மிரட்டியவர்கள் ஒரு தடவைகூட போனை எடுக்கவில்லை, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். பில்லை உடனே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மறுநாள் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுத்தேன், சிஎஸ்ஆர் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) கிடைத்தது. மூன்றாம் நாள் அதே நம்பரில் இருந்து 5,000 திரும்பி வந்தது, ஒரு வார்த்தைகூட இல்லாமல். புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பணம் கட்டியபிறகு அதே கவரோடு வெளியே வந்தபோது மெஷின் மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை செக்யூரிட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டேக் இன்னும் அந்தச் சட்டையில்தான் இருக்கிறது.