சுங்கை சிப்புட்டில் மூன்று அறிமுகப் பாடங்கள்: எதற்குப் பணம் கட்டலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைவரிசையின் மேல்மாடியில் இயங்கும் ஒரு தனியார் கல்லூரி, ஓவியம், வானியல், உயிரியல் ஆகியவற்றில் பன்னிரண்டு வார அறிமுகப் பாடங்களை வார இறுதிகளில் நடத்துகிறது. ஒரு பாடத்துக்கு 180 வெள்ளி (ரிங்கிட்). எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வின் முடிவுக்காகக் காத்திருந்த மகளைச் சேர்க்கப் போன நான், பெரியவர்களும் சேரலாம் என்றதும் மூன்றுக்கும் பணம் கட்டி அவளோடு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றில் உயிரியல்தான் கட்டணத்துக்கு மேல் தந்தது. ஆசிரியை செல், திசு என்று பாடநூல் வரிசையில்தான் தொடங்கினார். ஆனால் மூன்றாம் வாரமே ஒரு பால்மரப் (ரப்பர் மரப்) பட்டைத் துண்டை மேசைமேல் வைத்தார். பால்குழாய்கள் பட்டைக்குள், கேம்பியம் என்னும் வளர்படலத்துக்கு வெளியே இருக்கின்றன என்பதையும், பால் வெட்டும் உளி அந்தப் படலத்தைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பதையும் அவர் காட்டியபோது, மரத்தில் காயம் பட்டதற்காக என் அம்மா கங்காணியிடம் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் காரணம் விளங்கியது. குழாய்கள் நேராக ஏறாமல் வலப்புறம் சற்றே சாய்ந்து ஏறுவதால், இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும். விடியலில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பாலும் நன்றாக ஓடும். முப்பது ஆண்டுகள் இருட்டில் எழுந்து மரத்துக்குப் போன அம்மாவுக்கு இவற்றை எவரும் சொன்னதில்லை.

மரபியலும் பட்டாணிச் செடியோடு நின்றுவிடவில்லை. எண்ணெய் தரும் செம்பனையில், தடித்த ஓடுள்ள டூரா வகையையும் ஓடற்ற பிசிஃபெராவையும் கலந்தால் மெல்லிய ஓடுள்ள தெனெரா கிடைக்கும். தெனெராவைத் தெனெராவோடு கலந்தால் மூன்று வகையும் 1:2:1 என்ற விகிதத்தில் பிரியும். 1941இல் பெல்ஜியக் காங்கோவிலிருந்து வெளிவந்த இந்த உண்மையை, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த செம்பனைப் பழங்களை அறுத்தே அவர் விளக்கினார். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவரப்படும் வரையில் மகரந்தத்தை ஆள் வைத்துத் தூவினார்கள் என்றபோது, அந்த வேலையைச் செய்த என் சித்தியை நினைத்துக்கொண்டேன். கோலகங்சாருக்கு ஒரு நாள் அழைத்துச் சென்றிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்: 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 நடப்பட்ட ஊர் அது, அரைமணிப் பயணம்தான்.

வானியல் ஆசிரியர் நன்கு படித்தவர். கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்னார். குறை பாடப்பொருளில் இருந்தது. எந்த நாளில், எந்த நேரத்தில் எந்த விண்மீன்கள் தெரியும் என்று சுழற்றிப் பார்க்கும் அட்டை விண்மீன் சக்கரம் ஒன்றைக் கட்டணத்தோடு கொடுத்தார்கள். அது 40 பாகை வட அட்சரேகைக்காக அச்சிடப்பட்டது. நாமோ 5 பாகைக்கும் சற்றுத் தாழ இருக்கிறோம். அதன்படி துருவ நட்சத்திரம் வடவானில் பாதி உயரத்தில் நிற்க வேண்டும். இங்கே அது அடிவானத்தை ஒட்டிக் கிடப்பதால் செம்பனை மட்டைகளே மறைத்துவிடும். மே மாத முன்னிரவில் தெற்கே தெளிவாகத் தெரிந்த தென்சிலுவையோ அந்தச் சக்கரத்தில் இல்லவே இல்லை. பிறை நிலா இங்குப் பெரும்பாலும் தோணிபோல் மல்லாந்து கிடப்பதன் காரணத்தை என் மகள் கேட்ட பிறகுதான் அது பாடத்துக்குள் வந்தது. அந்த ஒரு மணி நேரமே வானியலின் சிறந்த வகுப்பு. நான்கு பருவங்களுக்கு இரண்டு வாரம் செலவிட்டவர்கள், ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நம் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் ஒடுங்குவதை வெளியே இறங்கிக் காட்டியிருக்கலாம்.

ஓவியத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முழுதும் ஐரோப்பா, 1950களில் பினாங்கிலிருந்து துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் முறையை ஓவியக் கலையாக்கிய சுவா தியன் தெங்கின் பெயர்கூட வரவில்லை. இணைகோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தெரிவதைக் கற்பிக்க, செம்பனை வரிசை பக்கத்திலேயே இருந்தும், திரையில் இத்தாலியத் தெரு ஒன்றைக் காட்டினார்கள்.

குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். விளக்கம் மலாயிலும் தமிழிலும் கிடைக்கும். இறுதியில் தருவது வருகைச் சான்றிதழ் மட்டுமே என்பதை முகப்பில் யாரும் முதலிலேயே சொல்லவில்லை, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வுக்கோ மெட்ரிகுலேஷன் படிப்புக்கோ அது ஈடாகும் என்று நம்பிச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் பாதியில் நின்றுவிட்டார்கள். அடுத்த சேர்க்கையில் அக்கா மகனுக்கு உயிரியலுக்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறேன். சக்கரத்தை மாற்றினால் வானியலுக்கும் கட்டுவதாக அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.