மார்த்தாண்டம் பக்கம் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு

அக்கா குடும்பத்துக்காக மார்த்தாண்டம் அருகே உள்ள பழைய கார் கடை ஒன்றில் இரண்டு வண்டிகளைப் பார்த்தோம். ஒன்று கேரளப் பதிவெண் கொண்ட 2010 மாடல் சான்ட்ரோ ஜிங். மற்றது தக்கலைக்காரர் ஒருவரின் 2011 மாடல் வேகன் ஆர்.

"அண்ணாச்சி, வேகன் ஆர் உயரமான வண்டி. ஆரல்வாய்மொழிக் காற்றில் ஆட்டிவிடும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சான்ட்ரோதான் நல்லது" என்றார் கடைக்காரர். ஆரல்வாய்மொழிக் காற்று பொய்யில்லை. ஆனால் சான்ட்ரோவும் உயரமான கூரை கொண்ட வண்டிதான். 1998இல் சந்தைக்கு வந்தபோதே அதுதான் அதன் அடையாளம். சான்ட்ரோ அவர் சொந்தப் பணம் போட்டு வாங்கியது, வேகன் ஆரில் அவருக்குக் கமிஷன் மட்டும்தான் என்பது பிறகு தெரியவந்தது. பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் பேச்சை நம்பிச் சான்ட்ரோவை வாங்கிய பிறகு, தக்கலை மெக்கானிக் அதைத் தூக்கிப் பார்த்தார். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் தகடு பொத்துக்கொண்டது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தபோது காய்ந்த சேற்றின் கோடு. ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் வண்டல். வெள்ளத்தில் கிடந்த வண்டி! "மாற்றியாகிவிட்டது" என்று கடைக்காரர் சொன்ன டைமிங் பெல்ட்டில் வெடிப்புகள். அந்தச் சான்ட்ரோ இன்ஜினில் இருப்பது அவ்வப்போது மாற்ற வேண்டிய பெல்ட். 2010க்குப் பின் வந்த கே சீரீஸ் இன்ஜின் வேகன் ஆரில் வழக்கமாக மாற்றத் தேவையில்லாத செயின். அந்த வித்தியாசத்தை அவர் மூச்சுவிடவில்லை.

ஆவணங்கள் இன்னும் மோசம். வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றத் தேவையான கேரள ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வந்துவிடும் என்றார், வரவில்லை. 15 ஆண்டுப் பதிவுக் காலமும் முடியும் தறுவாயில் இருந்தது. புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், தகுதிச் சோதனை, அதற்கு மேல் தமிழ்நாட்டு வரி. கேட்டால், "விற்ற பிறகு எனக்குப் பொறுப்பில்லை" என்று போனை வைத்துவிட்டார்.

கடற்கரை மாவட்டத்தில் ஓடிய வண்டிக்கு இன்ஜின் சத்தத்தைவிட அடித்தகடு முக்கியம். உங்கள் மெக்கானிக்கிடம் தூக்கிக் காட்ட விடாத கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள். பதிவுக் காலம், காப்பீடு, கடன் நிலுவை ஆகியவற்றை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள்.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இதேபோல் ஏமாந்தவர்கள் ரசீதையும் கடைக்காரர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.