மாடலருக்கு மேடையில் எந்த ஸ்பீக்கர்? மூன்றாண்டு அனுபவம்

பலவகை கிட்டார் ஆம்ப்களின் ஒலியைப் போலச்செய்யும் கருவியான டிஜிட்டல் கிட்டார் மாடலரை மட்டுமே நம்பி மேடையேறத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இக்காலத்தில் மாடலரைவிட ஸ்பீக்கரைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

முதலாண்டில் பவர் ஆம்பும் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை இயக்கும் கருவி) 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட கிட்டார் கேபினெட்டும் (ஸ்பீக்கர் பெட்டி) வைத்திருந்தேன். கிட்டார் ஸ்பீக்கரின் ஒலி ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும் என்பதால், மாடலருக்குள் இருக்கும் கேபினெட் சிமுலேஷனை, அதாவது கேபினெட்டின் ஒலியைப் போலச்செய்யும் வசதியை, அணைக்காமல் விட்டால் அதே சரிவு இருமுறை நிகழ்ந்து ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். முதல் ஒத்திகையில் அதை அணைக்க மறந்து, அரை மணி நேரம் ட்ரெபிளை (உயர் அதிர்வெண் ஒலியை) கூட்டிக்கொண்டே இருந்தேன். அணைத்த பிறகு கிடைத்த உயிர்ப்பை இன்றும் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் எந்த ஆம்ப் மாடலைத் தேர்ந்தாலும் கேட்டது அந்த ஒரே கேபினெட்டின் குரல்தான்.

பலவகைப் பாடல்களை வாசிக்கும் எனக்கு அது ஒத்துவராததால், தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை சீராகத் தரும், ஆம்ப் உள்ளடங்கிய ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கருக்கு மாறினேன். இதற்குக் கேபினெட் சிமுலேஷன் கட்டாயம் வேண்டும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணில் மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் கண்நேர உச்ச அளவு. வாட் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான். தனி பவர் ஆம்ப் வாங்குவோர், குறிப்பிட்ட வாட் 4 ஓமுக்கா 8 ஓமுக்கா (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) என்று பார்க்க வேண்டும். 4 ஓமுக்கான எண் 8 ஓம் கேபினெட்டில் ஏறத்தாழப் பாதியாகும்.

உண்மையான தலைவலி ப்ரீசெட்டுகளில், அதாவது மாடலரில் சேமித்து வைக்கும் ஒலி அமைப்புகளில், இருந்தது. குறைந்த ஒலியில் நம் காதுக்கு பாஸும் (தாழ் அதிர்வெண் ஒலி) உச்ச ட்ரெபிளும் மங்கலாகவே கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. இரவில் அடக்கமான ஒலியில் நான் ஆசையாகச் செதுக்கிய ப்ரீசெட், டிரம்ஸுக்கு ஈடான ஒலியில் அடியில் குமுறியது, மேலே காதைக் கிழித்தது. ஸ்பீக்கரைத் தரையில் வைத்திருந்ததால் பாஸ் இன்னும் பெருகியது. ஆறாவது தந்தியை உள்ளங்கையால் அழுத்தி மீட்டினால், சுரத்தை விழுங்கிவிட்டு ‘தும்’ என்ற அதிர்வே மிஞ்சியது. ஸ்டாண்டில் ஏற்றி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6,000-க்கு மேலும் வெட்டி, எல்லா ப்ரீசெட்டுகளையும் மேடை ஒலியிலேயே மறுபடி அமைத்தேன்.

இப்போது அரங்குக்கேற்ற திருத்தங்களை மேடையில் எனக்குக் கேட்கும் ஸ்பீக்கருக்குப் போகும் மானிட்டர் அவுட்புட்டில் மட்டும் செய்கிறேன். பார்வையாளர்களுக்கான ஒலியைக் கலக்கும் மிக்ஸருக்குப் போகும் சிக்னலைத் தொடுவதில்லை. தீராத குறை ஒன்றுதான்: ஸ்பீக்கருக்கு நேரே நிற்கும் எனக்குத் தெளிவாகக் கேட்பது, பக்கவாட்டில் நிற்கும் பாஸ் கிட்டார்காரருக்கு ட்ரெபிள் மங்கியே போய்ச் சேர்கிறது.