திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம்: பேக்கேஜ் ஏற்பாட்டை நம்பி இறங்கலாமா?

எங்கள் தந்தையார் 1965ஆம் ஆண்டு, விசுவாவசு வருடம் ஆவணி மாதத்தில் பிறந்தவர். வியாழன் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கும், சனி முப்பது ஆண்டுகளில் முடிக்கும் என்ற கணக்கின்படி, அறுபதாண்டுகள் நிறையும்போது இரண்டும் ஒருவர் பிறந்தபோது நின்ற இடங்களுக்கே ஏறத்தாழத் திரும்பிவிட, தமிழ் வருடப் பெயரும் அதுவாகவே மறுபடி வந்து நிற்கிறது. அவ்வாறு விசுவாவசு திரும்பி வந்த 2025இல், ஆவணி மாதத்து ஜன்ம நட்சத்திர நாளில், அவருடைய சஷ்டியப்தபூர்த்தியைத் திருக்கடையூரில் நடத்தினோம். பிள்ளைகள் மூவரும் வேலைக்குப் போகிறவர்கள்; தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு மயிலாடுதுறைக்கு அப்பால் உள்ள ஊரில் ஒரு விசேஷத்தை நடத்தும் சாமர்த்தியம் எங்களுக்கு இல்லை. ஆகவே அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் முழுப் பொறுப்பையும் பேக்கேஜாக ஒப்படைத்தோம். அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அவருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை, அன்று அங்கே வந்திருந்த மற்றக் குடும்பத்தாரோடு பேசியபோது தெரிந்துகொண்டேன்.

இந்தத் தொழில் அங்கே எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தருமபுர ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள அமிர்தகடேசுவரர் கோயில், மார்க்கண்டேயருக்காக இறைவன் எமனை உதைத்த தலமாகப் போற்றப்படுவதால், அறுபதுக்கு மட்டுமன்றி, ஐம்பத்தொன்பது முடிந்து செய்யும் உக்ரரத சாந்தி, எழுபதில் செய்யும் பீமரத சாந்தி, எண்பதை ஒட்டிய சதாபிஷேகம் ஆகியவற்றுக்கும் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஊர்க் கல்யாணங்களைப் போல இவற்றுக்கு முகூர்த்த மாதம் பார்ப்பதில்லை. பிறந்த மாதமும் நட்சத்திரமுமே நாளைத் தீர்மானித்துவிடுகின்றன. அதனால் ஆடியும் மார்கழியும்கூட இங்கே ஓய்வு மாதங்கள் அல்ல. விடுதிக்காரர், சமையல்காரர், பூக்கட்டுபவர், நாகஸ்வரக் குழுவினர், வீடியோ எடுப்பவர் என்று எல்லோருக்கும் ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. ஒப்பந்தக்காரர் இவர்கள் அனைவரையும் ஒரு கயிற்றில் கோத்துத் தருகிறார். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு கல்யாண ஏற்பாட்டாளரிடம் நாம் எதிர்பார்ப்பது அலங்காரத்தை. இங்கே வாங்குவது பழக்கத்தை. இந்த வேறுபாட்டை நான் அங்கே போன பிறகுதான் உணர்ந்தேன்.

பேக்கேஜ்கள் கலசங்களின் எண்ணிக்கையை வைத்தே பேசப்படுகின்றன. 16 கலசம், 32 கலசம், 64 கலசம் என்று படிப்படியாகத் தொகை ஏறும். நாங்கள் 64 கலசத்தைத் தேர்ந்துகொண்டோம். எண்பது பேருக்குக் காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும், ஆறு அறைகள், ஹோமச் சாமான்கள், மாலைகள், நாகஸ்வரம், புகைப்படமும் வீடியோவும் சேர்த்து 1,65,000 ரூபாய் என்று முடிவாயிற்று. கோயிலுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் இதில் அடங்காது என்று அவரே முன்கூட்டிச் சொல்லி, அதைத் தனியாக ரசீது பெற்றுக் கட்டச் செய்தார். இந்த ஒளிவுமறைவின்மை எனக்குப் பிடித்திருந்தது. முன்பணமாக மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்ததும், வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கப் பட்டியல் வந்தது. அந்தப் பட்டியலை நான் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். இந்த மதிப்புரையை ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பட்டியலில் எழுதியிருந்தவை எல்லாம் வந்தன. எழுதாதவற்றில் ஏறத்தாழ எதுவும் வரவில்லை.

எழுதியிருந்தவற்றை எவ்வளவு செம்மையாகச் செய்தார்கள் என்பதற்குச் சாமான்களே சாட்சி. எங்கள் வீட்டுப் புரோகிதர் இவ்விஷயத்தில் சற்றுக் கடுமையானவர். எருக்கு, புரசு, கருங்காலி, நாயுருவி, அரசு, அத்தி, வன்னி, அறுகு, தர்ப்பை என்று ஒன்பது கிரகங்களுக்கும் உரிய சமித்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நகரத்துக் கடைகளில் கருங்காலி என்று கேட்டால் ஏதோ ஒரு சுள்ளியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவருடைய நீண்ட நாள் மனக்குறை. இங்கே அவர் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கலசங்கள் அறுபத்து நான்கும் நெருக்கமாக நூல் சுற்றப்பட்டு, மாவிலையும் தேங்காயும் கூர்ச்சமும் வைத்து, முதல் நாள் இரவே அணியமாக இருந்தன. மாலைகளில் வாடிய பூ ஒன்றுகூட இல்லை. நாகஸ்வரம் வாசித்தவர்கள் கோபூஜை, கஜபூஜையின்போது வாசித்ததைவிட மாங்கல்ய தாரணத்தின்போது வாசித்தது இன்னும் நன்றாக இருந்தது. ஒப்புக்கு வாசிக்கிறவர்கள் அல்லர் என்பது அதிலேயே தெரிந்தது.

குறை நேரத்தில் தொடங்கியது. அதிகாலை ஐந்து மணிக்குப் பெற்றோர் மாலையணிந்து புறப்பட வேண்டும், பத்தரைக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கூறப்பட்டிருந்தது. எங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மேற்பார்வையாளர், இளைஞர், மிகவும் பணிவானவர். ஆனால் அதே காலையில் அவர் பொறுப்பில் எங்களைத் தவிர இன்னும் இரண்டு குடும்பங்கள் இருந்தன என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்குச் சங்கல்பம் தொடங்கும்போது இன்னொரு குடும்பத்துக்குச் சிற்றுண்டி முடிந்திருக்க வேண்டும், மூன்றாவது குடும்பத்துக்கு வேன் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வேன் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. அதன் விளைவாக ஹோமம் தள்ளிப்போய், வெயில் ஏறிய பிறகே அபிஷேகம் தொடங்க முடிந்தது. அம்மாவின் பிறந்த வீட்டார் கொண்டுவந்த சீர்த்தட்டுகளை வைத்துக்கொண்டு மாமா பிரகாரத்தில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். கோயிலுக்குள் நடந்தவை எல்லாம் நிதானமாகவும் முறையாகவும் நடந்தன. நேரம் நழுவியது விடுதிக்கும் கோயிலுக்கும் இடையில்தான்.

அபிஷேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அறுபத்து நான்கு கலசத்து நீரும் தம்பதியின் தலையில்தான் விழுகிறது. பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக வந்து ஊற்ற, பார்ப்பவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது அரைமணி நேரக் குளியல். அம்மாவுக்கு சைனஸ் தொல்லை உண்டு. நீர் ஊற்றி முடிந்ததும் துவட்டத் துண்டு எங்கே, ஈரப் புடவையை மாற்ற மறைவான இடம் எங்கே, நனைந்த துணிகளை எதில் வைப்பது என்று கேட்டபோது மேற்பார்வையாளர் விழித்தார். பட்டியலில் துண்டு இல்லை. என் தங்கை தன் குழந்தைக்கென்று எடுத்து வந்திருந்த பூத்துவாலையால் அம்மாவின் தலையைத் துவட்டினாள். கூறைப் புடவையை இரண்டு பெண்கள் போர்வை பிடித்து மறைக்க, ஒரு மூலையில் நின்று கட்டிக்கொண்டு வந்து அம்மா மணையில் உட்கார்ந்தார். நாள்தோறும் இதே சடங்கைப் பார்க்கிறவர்களுக்கு, நனைந்த மனிதருக்கு அடுத்து என்ன தேவைப்படும் என்பது தெரியாமலா இருக்கும்? தெரியும், ஆனால் அதை யாருடைய வேலையாகவும் எழுதி வைக்கவில்லை.

சாப்பாட்டில் சுவைக்குக் குறை சொல்வதற்கில்லை. காலையில் கேசரி, இட்லி, வெண்பொங்கல், மெதுவடை. பொங்கலில் மிளகு உடையாமல் இருந்தாலும் நெய் மணத்தது. மதியம் வெங்காயம், பூண்டு இல்லாத தஞ்சாவூர்ப் பாணிச் சமையல். கத்தரிக்காய் ரசவாங்கியை இரண்டாம் முறை கேட்டு வாங்காதவர் எங்கள் பந்தியில் இல்லை. பாயசம் மட்டும் தித்திப்பு அதிகம். ஆனால் பரிமாறும் முறையில் இடறினார்கள். எண்பது பேருக்குச் சொல்லியிருந்தோம். வார நாளாக இருந்ததால் உறவினர் எழுபத்து நான்கு பேரே வந்தார்கள். கணக்குப்படி ஆறு இலை மிச்சம். இருந்தும், வேன் ஓட்டுநர்களும் கார் ஓட்டுநர்களுமாக ஐந்து பேர் கூடத்துக்கு வெளியே நின்றுகொண்டிருக்க, அவர்களுக்கு இலை போடுவதா வேண்டாமா என்று பரிமாறியவர்கள் முடிவுசெய்யாமல் அடுத்த குடும்பத்தின் பந்திக்குக் கூடத்தைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள். என் தந்தையார், அன்றைய நாயகர், மாலையோடு எழுந்து வந்து அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்த பிறகே சோறு வந்தது. ஒரு விசேஷத்தில் வீட்டுப் பெரியவர் கவலைப்படாமல் இருப்பதற்காகத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அந்த ஓர் இடத்தில் கொடுத்த பணம் வீணாயிற்று என்று நினைத்தேன்.

அறைகள் சுத்தமாக இருந்தன. புகைப்படங்கள் சுமார், அபிஷேகப் படங்களில் அப்பாவின் முகத்தைவிட ஊற்றுகிறவரின் முழங்கை அதிகம் தெரிகிறது. வீடியோ சொன்ன நாளுக்கு மூன்று வாரம் கழித்து வந்தது.

கணக்கு முடிக்கும்போது ஒப்பந்தக்காரர் நேரில் வந்தார். மீதித் தொகையில் ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கேட்கவில்லை. சமையல்காரருக்கும் நாகஸ்வரக்காரருக்கும் சந்தோஷமாகக் கொடுப்பது உங்கள் விருப்பம் என்று மட்டும் சொன்னார். வேன் தாமதத்தையும் துண்டு விஷயத்தையும் நான் எடுத்துச் சொன்னபோது மறுக்கவில்லை. ஒரு நாளில் எத்தனை குடும்பங்களை ஏற்பது என்பதில் வரம்பு வைத்தால் கட்டணத்தை உயர்த்த வேண்டியிருக்கும் என்றார். அது நியாயமான பதில்தான். ஆனால் அந்தத் தேர்வை எங்களிடம் முன்பே வைத்திருந்தால், கலசத்தை 32ஆகக் குறைத்துக்கொண்டு, எங்களுக்கென்று மட்டும் ஓர் ஆளைக் கேட்டிருப்போம். இனி ஏற்பாடு செய்கிறவர்கள் விலை பேசும்போதே மேற்பார்வையாளருக்கு அன்று வேறு எத்தனை குடும்பங்கள் என்று கேட்டு, துண்டு, உடை மாற்றும் அறை, ஓட்டுநர் சாப்பாடு, நிற்க முடியாத பெரியவர்களுக்கு நாற்காலி ஆகியவற்றை அந்தப் பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எழுதிவிட்டால் அவர்கள் செய்துவிடுவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாமாவுக்கு மூன்றாண்டுகளில் பீமரத சாந்தி வருகிறது. அதற்கும் இவரையே அழைப்பதென்று வீட்டில் பேசியிருக்கிறோம்.

ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்தே, நனைந்த புடவையை அறைக் கொடியில் உலர்த்திவிட்டு மறந்து வந்தது அம்மாவுக்கு நினைவு வந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே அந்த இளைஞரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. புடவையை மடித்து, பிரசாதப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்துக் கட்டி, சென்னை பேருந்தில் ஏற்றிவிட்டிருப்பதாகவும், தாம்பரத்தில் நடத்துநரிடம் பெற்றுக்கொள்ளுமாறும் சொன்னார். பார்சல் செலவு எவ்வளவு என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாம் சார் என்று வைத்துவிட்டார்.