ஆர்டிஇ சீட்டா, கார்ப்பரேஷன் ஸ்கூலா?

வடசென்னையில வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் எல்கேஜி சேக்குற டைம்ல இதே பேச்சுதான். பிரைவேட் ஸ்கூல் ஃபீஸுக்கு கவர்மெண்ட் தர்ற சீட்டு, அதாவது வவுச்சர்னு நம்ம கையில எதுவும் தர மாட்டாங்க, ஆனா 2009 ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல ஏழைப் பசங்களுக்குன்னு ஒதுக்குற பிரைவேட் ஸ்கூலோட 25% சீட்டுக்கு கவர்மெண்ட் காசு குடுக்குறது கிட்டத்தட்ட அதே கதைதான். அப்ளிகேஷன் ஜாஸ்தியானா குலுக்கல். பேரு வந்தா சந்தோஷம், ஆனா எட்டாவதோட சரி, ஒன்பதாவது ஃபீஸ் நம்ம தலையில, நடுவுல வேன், ஆனுவல் டே டிரஸ்னு ஏதாவது கேட்டுக்கினே இருப்பாங்க.

கார்ப்பரேஷன் ஸ்கூல்ல குலுக்கலே கிடையாது, போனா சீட்டு. அஞ்சாவது வரைக்கும் காலையில பொங்கல், உப்புமா குடுக்குறாங்க, விடிகாலையிலயே காசிமேடு மீன் ஏலத்துக்கு ஓடுற அம்மாவுக்கு அது சின்ன விஷயமா? இங்கிலீஷ் மீடியமும் இருக்கு. ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்னா மெடிக்கல்ல 7.5% ஒதுக்கீடு, காலேஜ் போறப்ப மாசம் 1,000 ரூபா. ஆர்டிஇ-ல எட்டு முடிச்சு ஒன்பதுல கவர்மெண்ட்டுக்கு வந்தாலும் 7.5%-க்கு கணக்குல வரும், பிரைவேட்லயே இருந்துட்டா போச்சு.

என்ன கேட்டா கார்ப்பரேஷன்தான். குலுக்கல்ல பேரு வராத பசங்களும் அங்கதான படிக்கணும், கேள்வி கேக்குற பேரண்ட்ஸ் எல்லாம் பிரைவேட்டுக்கு போயிட்டா அங்க பாத்ரூம் கதவு உடைஞ்சா கூட யாரு போய் கேப்பா?