சந்தையிலிருந்து நேரே கத்திக்கா, ஒரு ராத்திரி பட்டியிலா?

எட்டயபுரம், அய்யலூர் மாதிரி சந்தையில் பிடித்த கிடாவை அன்றிரவே அறுப்பதா, ஒரு ராத்திரி நிறுத்தி அறுப்பதா? கறிக்கடைக்காரர்களில் இரண்டு கட்சியும் உண்டு. விடை, ஆட்டின் தசையில் மிச்சமிருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையில் இருக்கிறது.

அறுத்த பிறகு அதுதான் லாக்டிக் அமிலமாகி, 7-ஐ ஒட்டியிருக்கும் பி.எச். அளவை (அமிலம் ஏற ஏற இது இறங்கும்) 24 மணி நேரத்தில் 5.5–5.8-க்கு இறக்கும். வண்டியில் நெருக்கியடித்து, பசியோடு மிரண்டு வந்த ஆட்டில் கிளைக்கோஜன் முன்பே எரிந்திருக்கும், பி.எச். 6-க்கு மேலேயே நின்றுவிடும். தொடையை வெட்டினால் கருஞ்சிவப்பு, தொட்டால் பிசுபிசுப்பு, ஈரம் கசியாது. எடை குறையாததால் கடைக்காரருக்குக் குறை தெரியாது. விடியற்காலை அறுத்துப் பத்து மணிக்குள் விற்பவருக்கும் தெரியாது. வாங்கியவர் ஃப்ரிட்ஜில்தான் அது காட்டிக்கொடுக்கும்: சர்க்கரை இல்லாத தசையில் பாக்டீரியா சீக்கிரமே அமினோ அமிலங்களில் கை வைப்பதால் வாடை முந்திக் கிளம்பும்.

(பன்றியில் பெரும்பாலும் நேர்மாறு. கடைசி நிமிடங்களில் மிரண்டால், உடல்சூடு ஆறுமுன்பே அமிலம் ஏறி, கறி வெளுத்து நீர் விடும்.)

நேரே அறுத்தால் பட்டிச் செலவு மிச்சம். ஆனால் தண்ணீர் காணாத ஆட்டில் தோல் லேசில் உரியாது. ராத்திரி நிறுத்தினால் ஆடு அடங்கும், தண்ணீர் குடிக்கும், தோலும் சுலபமாகக் கழலும். ஆனால் கிளைக்கோஜன் விடிவதற்குள் நிரம்பிவிடும் என்பது தப்புக்கணக்கு. அசைபோடும் பிராணிக்குத் தீவனத்தோடு நாள் கணக்கில் ஆகும். இன்னொன்று: நாலு ஊர்க் கிடாக்களை ஒரே பட்டியில் அடைத்தால் விடிய விடிய முட்டிக்கொள்ளும். அதற்கு நேரே அறுப்பதே மேல்.

என் கணக்கு: ஒன்றிரண்டு மணி நேரப் பயணம் என்றால் நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு அறுக்கலாம். அரை நாள் வண்டி என்றால் ராத்திரி நிறுத்துங்கள், மந்தை கலக்காமல். தீவனத்தை 12 மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும்; ஒரு நாளைத் தாண்டிய பட்டினி மிச்சக் கிளைக்கோஜனையும் தின்றுவிடும். தண்ணீரை மட்டும் கடைசி வரை காட்டுங்கள். முடியைப் பிடித்துத் தூக்கினால் அந்த இடம் கன்றி, ரத்தக்கட்டாக அரிந்து எறிய வேண்டிவரும். ஓர் ஆட்டின் கண்முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளே சொல்கின்றன. ஒரு தட்டி மறைப்பு போதும். பட்டியில் கடைசி ஆட்டையும் தனியே விடாதீர்கள், துணை போனதும் அது கத்தியே மிரளும்.